வக்கீல் வைப்பதற்கு முன்னும் பின்னும்: பணம், வியாபாரம், சொத்துத் தகராறுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஒரு சிவில் வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருக்கிறேன். நூல், துணி, மஞ்சள் வியாபாரிகள்தான் எங்களிடம் அதிகம் வருகிறவர்கள். பாகப்பிரிவினை, வாடகை, கிரய ஒப்பந்தத் தகராறுகளும் உண்டு. வக்கீலைப் பார்ப்பதற்கு முன் எல்லோரும் உட்காருவது என் மேசைக்கு எதிரில்தான். அங்கே என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறையை ஒட்டியவை. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் காகிதங்களைப் பார்த்து உங்கள் வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

சரக்கு கொடுத்தேன், பணம் வரவில்லை. எப்போது வக்கீலிடம் போக வேண்டும்?

சொன்ன தவணை இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை ஃபோனை எடுக்கவில்லை என்றால் அப்போதே. காரணம் காலவரம்பு. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, விற்ற சரக்குக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட 3 வருடம்தான் அவகாசம். கடன் நாள் பேசிச் சரக்குக் கொடுத்திருந்தால் அந்த நாள் முடிந்ததிலிருந்து 3 வருடம். அப்படிப் பேசவில்லை என்றால் சரக்கு கொடுத்த நாளிலிருந்தே. கேட்டவுடன் தருவதாக எழுதிய ப்ரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். அந்த நாள் தாண்டிவிட்டால் பாக்கி உண்மையே ஆனாலும் வழக்கு நிற்காது. மேல்முறையீட்டுக்கு இருப்பதுபோல 'தாமதத்தை மன்னியுங்கள்' என்று மனுப் போடும் வசதி புது வழக்குக்குக் கிடையாது.

ஒருமுறை ஒரு நூல் வியாபாரி மஞ்சப்பை நிறைய பில்லோடு வந்தார். தரையில் பாய் விரித்து, தேதிவாரியாக அடுக்கினேன். 14 பில். அவற்றில் 11 பில்லுக்கு 3 வருடம் தாண்டியிருந்தது. கடைசி பில்லிலிருந்து கணக்குப் போட்டால் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். அப்படியல்ல. பொதுவாக ஒவ்வொரு பில்லுக்கும் காலம் தனித்தனியாக ஓடும். "தீபாவளி முடியட்டும்னாருங்க, அப்புறம் பொங்கல் முடியட்டும்னாரு. பழகின ஆளு, எப்படிங்க நோட்டீஸ் விடறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆடிட்டர் யாராவது உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து தேடச் சொன்னதில் ஒரு காகிதம் கிடைத்தது. வருடக் கணக்கை முடிக்கும்போது வாங்குகிற பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம். அந்தத் தேதியில் இவ்வளவு பாக்கி என்று எழுதி, சரக்கு வாங்கியவர் கையெழுத்தும் சீலும் வைத்திருந்தார். காலவரம்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, காலம் முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் ஆரம்பிக்கும். அந்தக் கடிதத்தால் 11 பில்லில் 9 பில் பிழைத்தது. மீதி 2 பில்லுக்குக் கையெழுத்து வாங்கிய அன்றே காலம் தாண்டியிருந்தது. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே, வியாபாரத்தில் யாரோடும் எவ்வளவு பழக்கம் இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். நடுவில் கொஞ்சம் பணம் கொடுத்தாலும் காலம் புதுப்பிக்கப்படும் என்பது 19-ஆம் பிரிவு. ஆனால் அதற்கும் கொடுத்தவர் கையெழுத்திலோ, அவர் கையெழுத்திட்டோ எழுத்து வேண்டும். நம் நோட்டில் நாமே 'வரவு 10,000' என்று எழுதி வைத்துக்கொண்டால் போதாது.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், அவர் சிவில் நடத்துகிறவரா என்று பாருங்கள். கிரிமினலில் பேர் வாங்கியவர் பாகப்பிரிவினை வழக்கிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. அடுத்தது ஊர். நிலத் தகராறு என்றால் நிலம் எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. பண வழக்கு என்றால் எதிராளி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலோ, வியாபாரம் முழுவதுமாகவோ பகுதியாகவோ நடந்த ஊரிலோ போடலாம். வழக்கு எங்கே என்பது தெரிந்த பிறகு அந்த ஊர் வக்கீலைத் தேடுவதுதான் சரி.

ஒரு நாள் காலை 10:30 மணிக்கு நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். சிவில் நீதிமன்றத்தில் பொதுவாக யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். யார் சாட்சியைப் பொறுமையாக விசாரிக்கிறார், யார் வழக்குக் காகிதக் கட்டைத் திறந்தவுடன் வேண்டிய பக்கத்தை எடுக்கிறார் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். நூறு பேரிடம் விசாரிப்பதைவிட இது மேல்.

இணையத்தில் 'முதன்மை வக்கீல்', 'வெற்றி உறுதி' என்று போட்டிருப்பதை நம்பிப் போகாதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிப்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வெற்றி உறுதி என்று எந்த வக்கீலாலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வக்கீலுக்கும் பதிவு எண் உண்டு. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிந்திருக்கிறாரா என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னும் இரண்டு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒன்று, "எதிராளிக்கு நீங்கள் ஏதாவது வழக்கு நடத்துகிறீர்களா?" சின்ன ஊர்களில் இது நடக்கும். இரண்டாவது, "வாய்தாவுக்கு, அதாவது வழக்கு விசாரணைக்கு வரும் நாளுக்கு, நீங்களே வருவீர்களா, ஜூனியர் வருவாரா?" ஜூனியர் வருவது தப்பில்லை, எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான். ஆனால் குறுக்கு விசாரணைக்கும் கடைசி வாதத்துக்கும் யார் வருவார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் என்ன கொண்டு போக வேண்டும்?

எல்லாவற்றையும். 'இது வேண்டாம்' என்று நீங்களாக எதையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். வியாபார வழக்குக்குப் பில், டெலிவரி சலான், லாரி ரசீது, இ-வே பில், லெட்ஜர் நகல், வங்கிக் கணக்கு விவரம், ஆர்டர் கொடுத்த கடிதமோ மெயிலோ. இவற்றில் பலரும் தொலைத்துவிடுவது டெலிவரி சலானைத்தான். சரக்கு வந்து சேரவில்லை என்று எதிராளி சொல்லும்போது, கார்பன் காப்பியில் மங்கலாக இருக்கும் அந்தக் குடோன் பையன் கையெழுத்துதான் நமக்கு ஆதாரம்.

சொத்து வழக்கு என்றால் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, வாரிசுச் சான்று.

வாட்ஸ்ஆப் செய்தி, பேச்சுப் பதிவு இருந்தால் அந்த ஃபோனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தின் பிரதியைத் தாக்கல் செய்யும்போது அதோடு ஒரு சான்றிதழும் வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்.

பார்ட்னர்ஷிப் தொழில் என்றால் ஃபார்ம் பதிவுச் சான்றைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத ஃபார்ம் ஒப்பந்த உரிமையைக் கேட்டு வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறதே என்பார்கள். அது வேறு, இது வேறு.

உங்களுக்குப் பாதகமான காகிதத்தையும் காட்டுங்கள். தரம் சரியில்லை என்று எதிராளி எழுதிய கடிதம் ஒன்று உங்களிடம் இருந்தால் அதை வக்கீல் முதல் நாளே பார்க்க வேண்டும். குறுக்கு விசாரணை நடக்கும்போது எதிர் வக்கீல் அதை நீட்டி, நம் வக்கீல் முதல் முறையாகப் பார்ப்பதுபோல ஒரு நிலை வரக்கூடாது. வக்கீலிடம் சொல்வதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லச் சட்டம் அனுமதிக்காது.

ஃபீஸ் எவ்வளவு ஆகும்?

ஒரே தொகை சொல்ல முடியாது. ஊர், வக்கீலின் அனுபவம், வழக்கின் சிக்கல் எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனால் எப்படிப் பேசுவது என்று சொல்ல முடியும். மொத்தமா, கட்டம் கட்டமாகவா என்று முதலில் முடிவு செய்யுங்கள். தாக்கல் செய்யும்போது ஒரு பங்கு, சாட்சி விசாரணை தொடங்கும்போது ஒரு பங்கு, வாதத்தின்போது மீதி என்று பிரித்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. டைப்பிங், நகல், நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரின் கட்டணம், குமாஸ்தா படி இதில் சேர்ந்ததா, தனியா? இடைக்கால மனுக்களுக்குத் தனியாகக் கேட்பார்களா? மேல்முறையீடு பெரும்பாலும் தனிக் கணக்குதான். பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள், முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். குமாஸ்தாவிடம் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். இதை ஒரு குமாஸ்தாவே சொல்கிறேன்.

வசூலாகும் தொகையில் பத்து சதவீதம் என்று பேசலாமா?

கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கையில் காசு இல்லாதவர்களுக்கு அது வசதியாகத் தெரியும், புரிகிறது. ஆனாலும் அப்படிப் பேசுகிற வக்கீலிடம் போக வேண்டாம்.

கோர்ட் ஃபீ என்பது வக்கீல் ஃபீஸா?

இல்லை. அது அரசுக்குப் போவது. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017-க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. 10 லட்சம் கேட்டு வழக்குப் போட்டால் 30,000 ரூபாய். சொத்து வழக்குகளுக்குக் கணக்கு வேறு மாதிரி. வழக்கு போடும்போதே கட்ட வேண்டும் என்பதால் முதல் சந்திப்பிலேயே இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேராக வழக்குப் போட்டுவிடலாமா? நோட்டீஸ், சமரசம் எல்லாம் எதற்கு?

பல பண வழக்குகளுக்கு நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அனுப்புவது நல்லது. பதில் வந்தால் எதிராளி என்ன சொல்லப் போகிறார் என்பது தெரிந்துவிடும்.

வணிக வழக்கு என்றால் கதை வேறு. 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ், 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட வணிகத் தகராறுகளுக்குத் தனி நடைமுறை. அவசர இடைக்கால உத்தரவு கேட்கவில்லை என்றால், வழக்குப் போடும் முன் 12-ஏ பிரிவுப்படி சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்கு மனுச் செய்தே ஆக வேண்டும். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. செய்யாமல் போனால் வழக்குரையே (வழக்குத் தொடுப்பவர் தாக்கல் செய்யும் மனு) நிராகரிக்கப்படும். சமரசத்தில் கழியும் நாள்கள் காலவரம்புக் கணக்கில் சேராது. உங்கள் வக்கீல் 12-ஏ பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் 'ஆர்பிட்ரேஷன்' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எதிராளி அதைக் காட்டி வழக்கை நடுவர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பக் கேட்கலாம். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதையும் படித்துவிடுங்கள்.

செக் திரும்பிவிட்டது. என்ன செய்வது?

நாள் எண்ணுங்கள். வங்கி ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் எதிராளி பணம் கொடுக்கவில்லை என்றால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு. 2 வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்க உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. செக் தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். "அடுத்த வாரம் மறுபடி போடுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல அந்த மூன்று மாதம் ஓடிப்போய்விடும்.

என்னுடையது சின்னத் தொழில். பெரிய கம்பெனி பணம் தராமல் இழுக்கிறது.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? குறு, சிறு தொழில் என்றால் 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளைப் பார்க்கும் வசதியாக்கக் குழுவிடம் மனுப் போடலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போவதானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சரக்கு அனுப்பும் முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. தகராறு வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதில் என்னதான் இருக்கிறது?

உங்கள் சார்பில் ஆஜராக, மனுப் போட, பணம் வாங்க, பல நேரம் ராஜி (சமரசம்) செய்துகொள்ளவும் சேர்த்து வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் காகிதம். படித்துவிட்டுப் போடுங்கள். 'எனக்குத் தெரியாமல் ராஜி பேசக்கூடாது' என்பதை வக்கீலிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், நல்ல வக்கீல் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று கேட்டாலும் வேண்டாம். வழக்குரையின் கடைசியில், மேலே சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று நீங்கள்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள். நாளைக்குக் கூண்டில் ஏறி நிற்கும்போது "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழிலேயே வழக்குரை தாக்கல் செய்யலாம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போக வேண்டுமா?

சிவில் வழக்கில் தேவையில்லை. சாட்சி சொல்லும் நாளும், நீதிமன்றம் வரச்சொன்ன நாளும் போனால் போதும். ஆனால் வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. 'இ-கோர்ட்ஸ்' செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் என்ன நடந்தது எல்லாம் வரும். வழக்கு எண் ஆன அன்றே அதை வாங்கி ஃபோனில் சேமித்துவிடுங்கள்.

எனக்கே சம்மன் வந்திருக்கிறது. வாங்காமல் விட்டால்?

விடாதீர்கள். கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் சம்மன் உங்களிடம் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை (வழக்குரைக்கு உங்கள் எழுத்துப் பதில்) தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் சாதாரண வழக்கில் 90 நாள் வரை, வணிக வழக்கில் 120 நாள் வரை. வணிக வழக்கில் 120 நாள் தாண்டினால் எதிருரை போடும் உரிமையே போய்விடும். ஆஜராகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் பக்கம் கேட்காமலே, தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்பதற்கு 30 நாள்தான், அதற்கும் சரியான காரணம் காட்ட வேண்டும்.

வக்கீலை நடுவில் மாற்றலாமா? கட்டைத் தர மாட்டேன் என்றால்?

மாற்றலாம். அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புது வக்கீல் வக்காலத்துப் போடுவது வழக்கம். அவர் மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். ஃபீஸ் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே சமயம், அவர் செய்த வேலைக்கான நியாயமான பாக்கியைக் கொடுத்துவிடுங்கள்.

ஒழுங்கீனம் என்றால் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது.

எதிராளி ராஜிக்குக் கூப்பிடுகிறார். போகலாமா?

போங்கள், வக்கீலோடு. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியதிலிருந்து மாவட்டங்களிலும் இப்போது மையங்கள் இருக்கின்றன. வழக்கு ராஜியில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீயைத் திரும்ப வாங்கலாம். நீதிமன்றம் அனுப்பாமல் நீங்களாகவே வெளியே பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேசியதை எழுதி நீதிமன்றத்தில் பதிவு செய்யாமல் வழக்கை மட்டும் வாபஸ் வாங்கிவிடாதீர்கள்.

ஜெயித்துவிட்டேன். பணம் எப்போது வரும்?

டிக்ரி (தீர்ப்பாணை) கையில் வந்தாலும் பணம் தானாக வராது. எதிராளி கட்டவில்லை என்றால் நிறைவேற்று மனுப் போட்டு அவருடைய சொத்தையோ வங்கிக் கணக்கையோ ஜப்தி செய்ய வேண்டும். அதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் அவர் பெயரில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டால்? அதனால்தான் முதல் சந்திப்பிலேயே எதிராளி பெயரில் என்ன சொத்து இருக்கிறது, எந்த வங்கியில் கணக்கு என்று நான் கேட்பேன். பழைய செக் இலை ஒன்று இருந்தால் வங்கி தெரிந்துவிடும். வழக்குக்குப் பயந்து அவர் சொத்தை விற்கப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போடலாம்.

வக்கீல் வைக்கவே வசதி இல்லை.

நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. ஆதார் நகலும், வழக்கு சம்பந்தமான காகிதங்களின் நகலும் எடுத்துப் போங்கள். அசலைக் கொடுக்க நேர்ந்தால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.